ஒரான்ஞ் பயணமும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்

சிவப்புச் சேவல் விடுதி,
தூர்னூ, பிரான்ஸ்
7 ஜூன் 1966

லேண்டர்ட்,

மேலே 'அன்புள்ள' என்ற சொல் இல்லை. நீயாகக் கவனித்திருக்க மாட்டாய் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் இந்த ஊர் போலீஸ்காரர் விடுதி வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி என்னிடம் சொன்னது இது: "உங்க வீட்டுக்காரர் ஒரான்ஞ்ல இருக்காரும்மா. உங்களை வழியில எங்கயோ விட்டுட்டாராம். எங்கன்னு அவருக்கே தெரியலையாம்." சிரிப்பை அடக்குவதற்காக அவர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஐம்பது வயதில், ரயிலில் மறந்துபோன குடை மாதிரி நான் அங்கே நின்றேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றங்கரையில் காரையும் அதன் பின்னால் கட்டி இழுத்துவந்த கேரவன் வீட்டையும் நிறுத்தினாய். எதிரே ஆயிரம் வருடத்துப் பழைய மடாலயக் கோயில். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், வெளியிலிருந்து பார்த்தாயிற்றே, அது போதும் என்றாய். ரைம்ஸ் பேராலயத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தாய். த்ருவாவில் காரை விட்டே இறங்கவில்லை. திஜோனில் நான் சந்தைக்குள் காலை வைப்பதற்குள் ஹாரன் அடித்தாய். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் நீ காரிலும் நான் கேரவனிலும் தூங்க ஆரம்பித்தோம்.

ஆகையால் நான் உனக்கு முன்னால் எழுந்தேன். நைட்டி மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு கோயிலுக்குப் போனேன். காலைப் பூசைக்குத் திறந்திருந்தார்கள். அந்த ரோஜா நிறத் தூண்கள் மேல் வெளிச்சம் இறங்குகிற வரை உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தால் புல்லில் சக்கரத் தடம் இருக்கிறது, நீ இல்லை.

கிளம்பும்போது வழக்கம்போல கேரவன் சுவரில் இரண்டு தடவை தட்டியிருப்பாய். நான் திருப்பித் தட்டினால் நிறுத்த வேண்டும். தட்டாவிட்டால் எல்லாம் சரி, போகலாம். ரயில் கார்டு வேலையிலிருந்து குடும்பத்துக்கு நீ கொண்டுவந்த ஏற்பாடு. நான் திருப்பித் தட்டவில்லை. நீயும் நிம்மதியாக ஒரான்ஞ் வரை போயிருக்கிறாய்.

வந்து கூட்டிப்போக வேண்டாம். வந்தாலும் நான் ஏறுவதாக இல்லை.

நேல்ச்சே

*

கூடார மைதானம், ஒரான்ஞ்
9 ஜூன் 1966

நேல்ச்சே,

இருபத்தேழு வருடமாக ரயில் கார்டாக இருக்கிறேன். ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. கார்டிடம் சொல்லாமல் பெட்டியை விட்டு இறங்கிப் போகிற பயணிக்கு ரயில்வே பொறுப்பாகாது. இது நான் வைத்த சட்டம் அல்ல.

நான் என்ன மனசாட்சி இல்லாதவனா? காப்பிக்கு இரண்டு இடத்தில் நிறுத்தினேன். இரண்டு இடத்திலும் தட்டினேன். நீ கோபமாகப் படுத்திருக்கிறாய், கிளறாமல் விடுவோம் என்று நினைத்தேன். உன் பங்கு பிஸ்கட்டை டப்பாவிலேயே வைத்தேன், இப்போதும் இருக்கிறது. லியோனுக்கு அப்புறம் மேட்டில் வண்டி வழக்கத்தைவிட லகுவாக ஏறியது. புது என்ஜின் எண்ணெயின் குணம் என்று சந்தோஷப்பட்டேன்.

இங்கே வந்து கதவைத் திறந்து பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரி எழுதினாயா? நம் டச்சு அரச குடும்பத்துக்கே பெயர் கொடுத்த ஊர் இது. சின்ன வயதிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட ஊர். இந்த ஊரில் கால் வைத்ததும் நான் செய்த முதல் காரியம், பெண்டாட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் கை ஜாடை காட்டியது. உன் உயரத்தைக் கையால் காட்டினேன். குழந்தையா என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, நான் ஆமென்று தலையாட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிடித்து வந்து என் முன்னால் நிறுத்தினார்கள்.

கிளட்ச் போய்விட்டது. சாமான் லியோனிலிருந்து வர வேண்டுமாம். மெக்கானிக் தினமும் தோளைக் குலுக்குகிறார், நாளை என்று அர்த்தமாம். இல்லாவிட்டால் நீ வேண்டாமென்றாலும் வந்திருப்பேன்.

இரண்டு குளிர்காலம் மேசையில் வரைபடத்தைப் பரப்பி இந்தப் பயணத்தைத் திட்டம் போட்டேன். நீ எதிரே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாய். ஒரு தடவையாவது வேண்டாம் என்றாயா? நம் ஊர் லைடனில் புராட்டஸ்டன்ட் சபைப் பிரசங்கத்திலேயே தூங்குகிறவள் நீ. கத்தோலிக்கர் கோயிலில் விடியற்காலையில் உனக்கு என்ன வேலை?

உன் கைப்பை, நல்ல செருப்பு எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. கையில் காசில்லாமல் எப்படி இருக்கிறாய்? மணியார்டர் அனுப்பட்டுமா?

லேண்டர்ட்

*

தூர்னூ
11 ஜூன் 1966

லேண்டர்ட்,

நான் இல்லாதது உனக்கு நல்ல எண்ணெயாகத் தெரிந்திருக்கிறது. இதை நீயே உன் கைப்பட எழுதித் தபால் தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேரவன் கனமாக இருப்பதற்குக் காரணம் நான் இல்லை. என் படுக்கைக்கு அடியில் நீ திணித்து வைத்திருக்கும் உருளைக்கிழங்கு மூட்டை. பிரான்ஸ் முழுக்க உருளைக்கிழங்கு விளைகிறது, லேண்டர்ட். அது தெரிந்தும் லைடனிலிருந்து ஒரு மூட்டையைக் கட்டி ஏற்றினாய். கடலை வெண்ணெய் ஏற்றினாய், காப்பித்தூள் ஏற்றினாய். ஜூன் மாதம் வந்துவிட்டதால் கிழங்கெல்லாம் முளைவிட்டு, ராத்திரி பலகை இடுக்கு வழியாக என் முதுகைத் தொட ஆரம்பித்துவிட்டன.

ரைம்ஸ் ஞாபகமிருக்கிறதா? ராஜாக்களுக்கு முடிசூட்டிய பேராலயம். அதன் எதிரே மடக்கு நாற்காலி போட்டு என்னைக் கிழங்கு உரிக்க வைத்தாய். நேர் எதிரே ஓட்டலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நம்மைத்தான் பார்த்தார்கள். ஒரு குழந்தை தன் அம்மாவிடம் கேட்டது: "இவங்களை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களாம்மா?" உனக்கு பிரெஞ்சு புரியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் லியேஜில் வீட்டு வேலை பார்த்ததால் எனக்குப் புரிந்து தொலைக்கிறது.

இந்த விடுதியில் மேசைக்கு மேசை வெள்ளை விரிப்பு. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். நேற்று பாலாடைக் குழம்பில் கோழி. அதற்கு முந்தின நாள் ஆற்று மீன், வெள்ளை ஒயினில். வாசனைக்கே பாதி வயிறு நிறைகிறது.

பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது என் பாடு.

நேல்ச்சே

*

ஒரான்ஞ்
13 ஜூன் 1966

நேல்ச்சே,

பாலாடைக் குழம்பு. நல்லது. நான் இங்கே தனியாக உட்கார்ந்து, அரைகுறையாக உரித்த கிழங்கைத் தின்றுகொண்டிருக்கிறேன். பக்கத்துக் கூடாரத்து பெல்ஜியக்காரர் என்னைப் பார்த்து அவர் பெண்டாட்டியிடம் ஏதோ சொல்கிறார். எனக்கென்ன.

ஆனால் உருளைக்கிழங்கைப் பற்றி நீ இப்படி எழுதலாமா? வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ எழுதலாமா? நாற்பத்து நாலாம் வருடத்துப் போர்க்காலப் பஞ்சக் குளிர்காலத்தில் நாம் டூலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றோம். சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கின் தோலைத் தின்றோம். கைவண்டியை இழுத்துக்கொண்டு பனியில் பண்ணை பண்ணையாகக் கதவைத் தட்டினவன் நான். அரை மூட்டை உருளைக்கிழங்கோடு வீடு திரும்பினவன் நான். அன்றைக்கு நீ அந்த மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். மூட்டையைத்தான், என்னை அல்ல. நான் குறை சொல்லவில்லை.

வீட்டில் ஒரு மூட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேலி செய்கிறாய்.

மெக்கானிக் இன்றும் தோளைக் குலுக்கினார்.

லேண்டர்ட்

*

தூர்னூ
15 ஜூன் 1966

லேண்டர்ட்,

பஞ்சக் குளிர்காலத்தை என்னிடம் காட்டாதே. அந்த டூலிப் கிழங்கை நானும்தான் தின்றேன். அவற்றை அவித்தவளே நான். நீ அன்று பட்டினி கிடந்ததால் இன்றைக்கும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அலைகிறாய். நான் அன்று பட்டினி கிடந்ததால் இன்றைக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் கொண்டுவந்து வைத்துச் சாப்பிட ஆசைப்படுகிறேன். உன் பசி மட்டும்தான் பசியா?

அந்த அரை மூட்டைக்கு எதைக் கொடுத்தாய் என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். என் கல்யாண மேசை விரிப்பு. என் அம்மா இரண்டு வருடம் உட்கார்ந்து ஓரம் தைத்தது. அதில் நாம் மொத்தமே மூன்று தடவைதான் சாப்பிட்டிருப்போம். நீ அலமாரியைத் திறந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாய்: "இதைக் கொடுத்துடட்டுமா, நேல்?" நான் பேசவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கொண்டுபோய்விட்டாய்.

அன்றைக்கு நீ செய்தது சரி. நானே கொடுத்திருப்பேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன். ஆனால் அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் நான் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ள உனக்கு யார் சொன்னார்கள்? வீடு மாறினபோது தட்டினாய். என் தையல் மெஷினை உன் தங்கைக்குக் கொடுத்தபோது தட்டினாய். இந்தப் பயணத்துக்கும் வரைபடத்தைப் பரப்பித் தட்டினாய். கேரவனுக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நாளும் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளை விரிப்பு போட்ட மேசையில், என் எதிரே, ஒரு வேளை உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்கள் தின்பதைத் தின்ன வேண்டும். மூட்டை இல்லாமல். அது முடியாது என்றால் நீ உன் திட்டப்படி ஆர்லுக்குப் போ, ரோமுக்குப் போ. நான் இங்கிருந்தே ரயில் பிடித்து என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். லைடனுக்கு அல்ல.

நேல்ச்சே

*

ஒரான்ஞ்
18 ஜூன் 1966

நேல்ச்சே,

நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன்.

ஒன்று சொல்கிறேன். இதுவரை சொன்னதில்லை. அந்தப் பண்ணைக்காரி விரிப்பை வாங்கி மடித்துக்கூட வைக்கவில்லை. நான் மூட்டைக்காகக் காத்து நிற்கும்போதே அதைச் சமையலறை மேசையில் விரித்து, அடுப்பிலிருந்து இறக்கின சூப்புப் பானையை அதன் மேல் வைத்தாள். கரி பிடித்த பானை. உன் அம்மா தைத்த ஓரத்தின் மேல். நான் குரல் எழுப்பினால் மூட்டை கிடைக்காது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன், நேல். வெள்ளை விரிப்பு போட்ட மேசையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பானைதான் தெரிகிறது. அதனால்தான் நான் அந்த மாதிரி இடங்களில் உட்காருவதில்லை. சிக்கனம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படியே நினைத்துக்கொள் என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் ரோமானிய நாடக மேடைக்கு எதிரே உள்ள ஓட்டலுக்குத் தனியாகப் போனேன். விரிப்பு இருந்தது. பட்டியலில் ஒன்றும் புரியவில்லை, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். ஆட்டுக்கால் வந்தது. அதோடு குடலைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். தட்டில் மீதி வைத்து நமக்குப் பழக்கமில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் தின்றேன். பரிமாறுகிறவர் வந்து குனிந்து என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, பேசாமல் இருந்தேன். அவர் போய் இன்னொரு தட்டு நிறைய அதையே கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. வேண்டும் என்று நான் சொன்னேனா? வாயைத் திறக்காத மனிதன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவதா? இதென்ன நியாயம்? ஊர் முழுக்கக் கேட்கும்படி டச்சில் சத்தம் போட்டேன். சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுத மாட்டேன்.

இரண்டாவது தட்டையும் தின்றேன்.

லேண்டர்ட்

*

தூர்னூ
20 ஜூன் 1966

லேண்டர்ட்,

ஆட்டுக்காலைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தேன். இரண்டாவது தட்டு வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். பரிமாறின அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்லு.

ஆனால் பானையைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்தப் பண்ணைக்காரி மேல் இல்லை, உன் மேல். இருபத்தோரு வருடம் அந்தப் பானையை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். அது என் விரிப்பு. என் அம்மா தைத்த ஓரம். அதற்காகக் கோபப்பட எனக்கு உரிமை இல்லையா? அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் திட்டித் தீர்த்திருப்போம், விஷயம் முடிந்திருக்கும். நீ பேசாமல் இருந்தாய். அதற்காக நான் எந்த மேசையிலும் உட்காரக்கூடாது என்றும் நீயே முடிவு செய்தாய்.

உன்னிடம் ஒரு உண்மையை நானும் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்கிறேன். அதற்கு நீ நேரில் வர வேண்டும்.

ஒரான்ஞ் ஓட்டல் கணக்கில் வராது. அங்கே எதிரே நான் இல்லை.

நேல்ச்சே

*

சிவப்புச் சேவல் விடுதி, சாப்பாட்டுக் கூடம்
24 ஜூன் 1966, மத்தியானம்

நேல்,

இது தபாலில் வரவில்லை. பரிமாறுகிற பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ இருபது அடி தள்ளிக் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறாய்.

கிளட்ச் நேற்று சரியானது. காலையில் வந்து சேர்ந்தேன். முன்பக்கம் கேரவன் நுழையவில்லை, பின்முற்றத்துக்குள் விட்டேன். இறங்கினதும் சமையலறை வாசலில் ஒரு வாளியைப் பார்த்தேன். வாளி நிறைய உருளைக்கிழங்குத் தோல். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், அந்தப் பக்கம் இருந்த மரம் தெரிந்தது. அவ்வளவு மெலிசாக உரிக்கிறவள் பிரான்ஸில் யாரும் இருக்க முடியாது. அந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம் நீ வேறு மாதிரி உரித்ததே இல்லை.

பாலாடைக் குழம்பு வாசனைக்கே பாதி வயிறு நிறைகிறது என்று எழுதியிருந்தாய். எங்கே நின்று வாசனை பிடித்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் உருளைக்கிழங்கிலிருந்து தப்பித்து, ஒரு விடுதிக்கே உரித்துப் போட்டுக்கொண்டு தங்கியிருக்கிறாய். பணம் வாங்க மாட்டாய், ஆனால் இதைச் செய்வாய். எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. இப்போது எழுத மாட்டேன், நேரில் சண்டை போடுகிறேன்.

நம் மூட்டையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு கிழங்கை முகர்ந்து பார்த்து ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்காது. வண்டி இப்போது காலி.

ஜன்னலோர மேசை. விரிப்பு வெள்ளைதான். நான் இன்னும் கையை அதன் மேல் வைக்கவில்லை. இரண்டு பேருக்கு வைக்கச் சொன்னேன், விரலைக் காட்டி.

நான் சுவரில் தட்டவில்லை. கேட்கிறேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாயா? பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வரும் வரை உட்கார்ந்திருப்பேன்.

லேண்டர்ட்

*

(அதே தாளின் பின்பக்கம்)

லேண்டர்ட்,

நீ வந்துவிட்டது எனக்குக் காலையிலேயே தெரியும். சமையல்காரர் என் முன்னால் ஒரு மூட்டையைக் கவிழ்த்து, பன்றிக்குப் போட வேண்டியது, இருந்தாலும் உரித்து வை என்றார். நம் ஊர்க் களிமண்ணை எனக்குத் தெரியாதா? முளையெல்லாம் என் முதுகைக் குத்தினவை. அதற்கப்புறம் முன்வாசல் வழியாக வந்து உட்கார உனக்கு மத்தியானம் வரை ஆகியிருக்கிறது. தெருவில் எத்தனை தடவை நடந்தாய் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வருகிறேன். கை கழுவிக்கொண்டு, சமையலறை ஏப்ரனையும் கழற்றிவிட்டு, முன்வாசல் வழியாக வருகிறேன். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போடு.

வண்டியில் ஏறுவதா இல்லையா என்பது சாப்பிட்டுவிட்டு நாம் கோயிலுக்குப் போன பிறகு. நீ அங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கைக்கடிகாரத்தை மேசையிலேயே கழற்றி வை.

அந்தப் பெண் வந்து கேட்டால் உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்லு. தலையாட்டாதே, வாயைத் திறந்து சொல்லு. பேசாமல் இருந்தாயானால் நம் மூட்டைதான் தட்டில் வரும்.

நேல்